காரில் இருந்து பார்த்த படம், சாக்கு விரித்துப் பார்த்த படம்

1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா அறிமுகம் கண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, தெற்கே சிங்கப்பூரின் ஜூரோங்கில், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் திரையரங்கு நிரந்தரமாக மூடப்பட்டது. இரண்டுக்கும் இடையே 83 நாள். சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்குக் கார் வரத் தொடங்கிய நேரத்தில், காரோடு போய்ப் படம் பார்க்கும் இடம் கதவைச் சாத்திக்கொண்டது.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு ஜூரோங் அரங்கு அருகில் இருந்த ஒன்றல்ல. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல்தான் முழுமை பெற்றது. அதற்கு முன் பழைய சாலையில் சிரம்பான், சிகாமட், ஜொகூர் பாரு என்று ஊர் ஊராகப் போய்த்தான் சிங்கப்பூரை அடைய வேண்டும். ஆனாலும் அந்த அரங்கின் கதை நம்மவருக்கு அந்நியமானதல்ல. திறந்த வானத்தின் கீழே, திடலில், குடும்பத்தோடு அமர்ந்து படம் பார்த்த பழக்கம் தோட்டத்தில் நெடுங்காலமாக இருந்தது. அங்கே காருக்குப் பதில் சாக்கு. அவ்வளவுதான் வேறுபாடு. அந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதும் இந்தக் கதையில் தெரியவரும்.

இரண்டு மரமும் ஒரு துணியும்

டிரைவ்-இன் என்பது அமெரிக்கர் ஒருவரின் யோசனை. ரிச்சர்ட் ஹோலிங்ஸ்ஹெட் என்பவர் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரப் பகுதியில் வாழ்ந்தவர். கார் பராமரிப்புப் பொருள்கள் விற்கும் குடும்பத் தொழிலில் இருந்தவர். தன் வீட்டு முற்றத்தில் இரண்டு மரங்களுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டினார். காரின் முன்மூடி மீது படம்காட்டும் கருவியை வைத்தார். துணிக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியை வைத்து ஒலி எப்படிக் கேட்கிறது என்று பார்த்தார். மழை பெய்தால் என்ன ஆகும் என்று அறிய, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மீது திருப்பிவிட்டார்.

1933 மே மாதம் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜூன் 6-ஆம் தேதி அரங்கு திறக்கப்பட்டது. காருக்கு 25 காசு, ஆளுக்கு 25 காசு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டாம், நல்ல உடை உடுத்த வேண்டாம், பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பாரோ என்ற கவலை வேண்டாம். அதுதான் அந்தத் தொழிலின் கவர்ச்சி. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவ்-இன் அரங்குகள் இருந்தன.

ஹோலிங்ஸ்ஹெட்டுக்குக் காப்புரிமை கொடுத்தது இரண்டு மரத்துக்கு இடையே கட்டிய துணிக்காக அல்ல. கார்களை நிறுத்தும் முறைக்காக. ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் நின்றால், பின்னால் இருப்பவருக்கு முன்கார்க் கூரைதான் தெரியும். அதனால் தரையை வரிசை வரிசையாக மேடாக்கி, காரின் முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி நிற்கும்படி செய்தார். மூக்கு மேலே, வால் கீழே என்று கார் சற்றுச் சாய்ந்து நிற்கும். உள்ளே அமர்ந்திருப்பவரின் பார்வை முன்காரின் கூரையைத் தாண்டித் திரைக்குப் போகும். திரையரங்கில் பின்வரிசை உயரமாக இருப்பதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே.

ஜூரோங்கில் எழுந்த திரை

ஜூரோங் டிரைவ்-இன் அரங்கைக் கட்டியது கேத்தே நிறுவனம். அந்த நிறுவனத்தை வளர்த்தவர் கோலாலம்பூரில் பிறந்தவர். பெயர் லோக் வான் தோ. ஈயச் சுரங்கத் தொழிலால் பெரும் செல்வரான லோக் இயூவின் மகன். கோலாலம்பூரில் ஜாலான் லோக் இயூ வழியாகப் போகிறவர்கள் தினமும் அந்தத் தந்தையின் பெயரைப் பார்க்கிறார்கள். மகன் மலாயா, சிங்கப்பூர் முழுவதும் திரையரங்குகளை நிறுவினார். 1964 ஜூன் 20-ஆம் தேதி தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். ஜூரோங் அரங்கு அவர் காலத்துக்குப் பின் வந்தது.

அப்போது ஜூரோங் ஒரு புதிய தொழில் நகரம். சதுப்பும் காடுமாக இருந்த பகுதியில் ஆலைகள் எழுந்துகொண்டிருந்தன. வேலைக்கு ஆள் வேண்டும். ஆள் வந்து தங்க வேண்டுமானால் பொழுதுபோக்கும் வேண்டும். நிலமும் தாராளமாகக் கிடைத்தது. பின்னாளில் ஜப்பானியப் பூங்கா அமைந்த இடத்துக்குப் பக்கத்தில், யுவான் சிங் சாலையோரம், ஏறத்தாழ 5.6 ஹெக்டர் நிலத்தில் அரங்கு அமைக்கப்பட்டது. கணக்குப் போட்டால் ஏழெட்டுக் கால்பந்துத் திடல்களின் பரப்பு.

1971 ஜூலை 14-ஆம் தேதி அரங்கு திறக்கப்பட்டது. முதலில் திரையிடப்பட்டது 'டாக்டர் இன் ட்ரபிள்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். ஒரே நேரத்தில் சுமார் 900 கார்கள் நிற்கலாம். பெரியவர்களுக்கு 2 வெள்ளி, சிறுவர்களுக்கு 1 வெள்ளி என்று நுழைவுச் சீட்டு. கார் இல்லாமல் வருகிறவர்களுக்காகச் சுமார் 300 இருக்கைகள் கொண்ட தனிப் பகுதியும் இருந்தது. 900 காருக்கு இடம் ஒதுக்கிய இடத்தில் நடந்து வருகிறவர்களுக்கு 300 இருக்கை. ஒரு காரில் நான்கு பேர் என்று வைத்தால்கூட, பன்னிரண்டு பேர் காரில் இருக்கும்போது ஒருவர் இருக்கையில் இருப்பார். அந்த அரங்கு யாரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இருட்டு, ஒலி, மழை

நான்கு சுவருக்குள் படம் காட்டுவதைவிட வெளியில் படம் காட்டுவது கடினம். ஜூரோங்கின் திரை ஏறத்தாழ 30 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் கொண்டது. தரையிலிருந்து உயர்த்தி, சற்று முன்பக்கமாகச் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. கீழே காருக்குள் இருந்து அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்குப் படம் கோணலாகத் தெரியாமல் இருக்க இந்தச் சாய்வு உதவும். இவ்வளவு பெரிய பலகை காற்றுக்கு ஒரு பாய்மரம் போன்றது. புயற்காற்று அடித்தாலும் அசையாதபடி அதைத் தாங்கும் கட்டுமானம் வேண்டும்.

அடுத்தது ஒலி. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் தூரம் போகும். திரைக்குப் பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கியை வைத்தால், 170 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்கு வசனம் அரை நொடி தாமதமாகப் போய்ச் சேரும். உதடு அசைந்து முடிந்த பிறகு பேச்சு கேட்கும். அதோடு சுற்றுவட்டாரத்தில் தூங்குகிறவர்களுக்கும் வசனம் கேட்கும். கேம்டனின் முதல் அரங்கில் இந்தத் தொல்லை இருந்தது. பிறகுதான் ஒவ்வொரு காருக்கும் ஒரு சிறிய ஒலிபெருக்கி என்ற முறை வந்தது. ஜூரோங்கிலும் கார் நிற்கும் இடந்தோறும் கம்பத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதை எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் போதும். ஒலி கம்பி வழியாக வருவதால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். பின்னாளில் பல நாடுகளில் இந்த ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாகக் கார் வானொலி வழியாகவே ஒலியைக் கேட்கும் முறை வந்தது.

மூன்றாவது இருட்டு. சுவர் உள்ள அரங்கில் பகல் 11 மணிக்கும் காட்சி உண்டு. வெளியரங்குக்குச் சூரியன் மறைந்தால்தான் வியாபாரம். ஒரு மாலைக்கு இரண்டு காட்சி என்பதே பெரிய காரியம். இங்கே கடிகாரமும் ஒரு வேலை செய்தது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக் நேரத்தோடு இணைந்தது. சிங்கப்பூரும் அதே நாளில் மாற்றிக்கொண்டது. அதற்கு முன் இரவு 7 மணி என்றால் நன்றாக இருட்டியிருக்கும். அதற்குப் பின் அதே 7 மணிக்கு வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும். வானம் மாறவில்லை, கைக்கடிகாரம் மாறியது. வெளியில் படம் காட்டுகிறவருக்கு அந்த அரை மணி நேரம் சின்ன விஷயமல்ல. முதல் காட்சி அரை மணி நேரம் தள்ளினால், இரண்டாவது காட்சி முடிந்து வீட்டுக்குப் போகும் நேரமும் தள்ளும்.

கடைசியாக மழை. ஆண்டு முழுவதும் மாலை மழைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டிய மண் இது. மழையில் திரை மங்கும், கார்க் கண்ணாடியின் துடைப்பான் படத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே புழுக்கம், இறக்கினால் கொசு. குளிர்நாட்டில் பிறந்த யோசனை வெப்ப நாட்டில் பட்ட பாடு அது.

தோட்டத் திடலில் கட்டிய துணி

ஹோலிங்ஸ்ஹெட் இரண்டு மரங்களுக்கு இடையே துணி கட்டிப் பார்த்தது ஒரு சோதனைக்காக. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் அதுவே முழு அரங்கு. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். ஜெனரேட்டர் ஒரு மூலையில் இரைந்துகொண்டிருக்கும். மாலையிலேயே பிள்ளைகள் சாக்கையும் பாயையும் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவார்கள். விடிவதற்கு முன்பே பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பாலெடுத்துக் கொட்டிவிட்டு வந்த பெற்றோர் குளித்து, சமைத்து, பிறகு வந்து சேர்வார்கள்.

இந்தப் படக்காட்சிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அரசாங்கம். மலாயா பிலிம் யூனிட் 1946-இல் தொடங்கப்பட்டது. 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம் அரசாங்கத்துக்கு அவசரத் தேவையானது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று பல மொழிகளில் செய்திப்படங்களும் விளக்கப் படங்களும் தயாராயின. அவற்றை ஏற்றிக்கொண்டு வேன்கள் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. மின்சாரமே எட்டாத இடத்துக்குப் படம்காட்டும் கருவியும் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் ஒரே வண்டியில் வந்து இறங்கின. வந்தது பிரசாரம்தான். ஆனால் அதைப் பார்க்க வந்தவர்கள் அசையும் படத்துக்காக வந்தார்கள். 1960-இல் அவசரகாலம் முடிந்த பின்னும் தகவல் இலாகாவின் வேன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இன்னொன்று தோட்ட நிர்வாகமும் கோயிலும். சம்பள நாளை ஒட்டியோ, மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவை ஒட்டியோ தமிழ்ப் படம் போடுவது பல தோட்டங்களில் வழக்கம். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் என்றால் பக்கத்துத் தோட்டத்துச் சனங்களும் சைக்கிளில் வந்து சேர்வார்கள். நகரத்து அரங்குகளில் ஓடும் பெரிய 35 மில்லிமீட்டர் சுருளை ஏற்றும் கருவியைத் தோட்டத்துக்குத் தூக்கி வருவது கடினம். அதனால் 16 மில்லிமீட்டர் சுருள்தான் ஊர் சுற்றியது. ஒரு பெரிய சுருள் முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக ஓடும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு நான்கைந்து சுருள். கருவி ஒன்றே ஒன்று என்றால் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். வில்லன் கதாநாயகியின் கையைப் பிடிக்கும் இடத்தில் சுருள் முடிந்தால், திடல் முழுவதும் ஒரே கூச்சல்தான்.

முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். துணி வழியாகப் படம் அந்தப் பக்கமும் தெரியும். ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். வலக்கையால் வாள் சுழற்றும் நாயகன் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இடக்கை வீரனாகத் தெரிவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நிற்கும். கதை மட்டும் மாறாது.

கச்சாங் பூத்தே விற்கிறவர் வந்துவிடுவார். வேர்க்கடலை, கடலைப் பருப்பு, முறுக்கு எல்லாம் காகிதச் சுருளில் கிடைக்கும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் திரையரங்க வாசல்களில் அந்த வியாபாரத்தைப் பெரும்பாலும் செய்தவர்கள் தமிழர்கள்தான். ஈப்போவில் ஒரு குடியிருப்புக்கே கம்போங் கச்சாங் பூத்தே என்று பெயர் நிலைத்துவிட்டது.

யாருக்குக் கார் இருந்தது?

நகரத்துத் தமிழர்களின் நிலை சற்று வேறு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் நடந்தே போய்ப் படம் பார்க்கலாம். அங்கே லீடோ அரங்கு இருந்தது. பத்து ரோடு என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், 1921-இல் கட்டப்பட்ட கொலிசியம் அரங்கு இருந்தது. அது இன்றும் நிற்கிறது. நகரத்து மக்களுக்குப் படம் பார்ப்பது ஒரு டிக்கெட் செலவு. தோட்டத்து மக்களுக்கு டிக்கெட்டோடு பேருந்துக் கட்டணம், இரவு திரும்பி வரும் வழி, மறுநாள் விடியற்காலை வேலை என்று பல செலவுகள். அதனால்தான் திடலில் போடும் படம் அவர்களுக்கு அவ்வளவு பெரிய நிகழ்ச்சியாக இருந்தது.

ஜூரோங் அரங்கு திறக்கப்பட்ட 1971-இல், நம் தோட்டத் தொழிலாளி நாள்கூலியில் வாழ்ந்தவர். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் கூலி குறையும். தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். கிராணியிடம் மோட்டார் சைக்கிளோ சின்னக் காரோ இருக்கலாம். தொழிலாளியிடம் சைக்கிள். திடலில் படம் போட்டால் துரையும் கிராணியும் முன்வரிசை நாற்காலியில் அமர்வார்கள், மற்றவர்கள் தரையில். ஆனால் துணி ஒன்றுதான். மழை வந்தால் எல்லோரும்தான் நனைந்தார்கள்.

டிரைவ்-இன் அரங்கில் ஒவ்வொரு குடும்பமும் தன் காருக்குள் தனியாக இருந்தது. பக்கத்துக் காரில் யார் என்று தெரிய வேண்டியதில்லை. தோட்டத் திடலில் அது நடக்காது. யார் அழுதார்கள், யார் தூங்கினார்கள், யார் வீட்டுப் பிள்ளை யார் மடியில் படுத்திருந்தது என்பது மறுநாள் பிரட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டுமே திறந்தவெளி அரங்குகள். ஒன்று தனிமையை விற்றது, இன்னொன்றில் தனிமைக்கு இடமே இல்லை.

ஜூரோங் ஏன் மூடப்பட்டது?

ஜூரோங் அரங்குக்குத் தொடக்கத்தில் நல்ல கூட்டம். பிறகு படிப்படியாகக் குறைந்தது. காரணம் ஒன்றல்ல, பல.

எந்த டிரைவ்-இன் அரங்குக்கும் வாடிக்கையான தொல்லைகள் சில உண்டு. காரின் பின்பெட்டிக்குள் ஆளை ஒளித்துவைத்து, டிக்கெட் இல்லாமல் உள்ளே கொண்டுபோவார்கள். கண்ணாடியில் மாட்டிய ஒலிபெருக்கியைக் கழற்ற மறந்து காரை எடுப்பார்கள், கம்பி அறுந்துபோகும். சிலர் மறக்காமலேயே எடுத்துப் போவார்கள். ஜூரோங் பகுதியின் அகலமான புதுச் சாலைகளில் இரவு நேரக் கார்ப் பந்தயமும் ஒரு தலைவலியானது.

பெரிய அடி வீடியோ. 1980-களின் தொடக்கத்தில் வீடியோ கேசட் வீட்டுக்குள் வந்தது. கள்ளப் பிரதிகளும் கூடவே வந்தன. ஒரு கேசட் வாடகைக்குக் குடும்பமே அல்ல, அண்டை வீடும் சேர்ந்து படம் பார்க்கலாம். மழை இல்லை, கொசு இல்லை, இருட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. சுவர் உள்ள அரங்குகளே தள்ளாடிய காலத்தில், மாலையில் மட்டும் ஓடும் வெளியரங்கு எப்படித் தாங்கும்? 5.6 ஹெக்டர் நிலம் பகல் முழுவதும் சும்மா கிடக்கும். இரவில் சில மணி நேரம் மட்டும் காசு பார்க்கும். நிலத்தின் விலை ஏற ஏற அந்தக் கணக்கு உதைக்கத் தொடங்கும். உலகம் முழுவதும் டிரைவ்-இன் அரங்குகளை அழித்தது வீடியோ பாதி, நில விலை பாதி. அமெரிக்காவில் நான்காயிரத்துக்கு மேல் இருந்தவை இன்று சில நூறாகக் குறைந்துவிட்டன.

தோட்டத்துத் திடலையும் அதே இரண்டும்தான் வந்து தாக்கின. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் தேதி தொடங்கியது. முதலில் தோட்டத்தின் பொது மண்டபத்தில் ஒரு பெட்டி, பிறகு வசதியுள்ள வீடுகளில் ஒன்றிரண்டு. வீடியோ டெக் வந்ததும், தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு தமிழ்ப் படங்களை விடிய விடியப் பார்க்கும் பழக்கம் பிறந்தது. திடலில் துணி கட்டும் வேலை நின்றுபோனது. துரை வந்து தடுக்கவில்லை. சனங்களே வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

திடல் எங்கே போனது?

வீடியோ வந்தபோது படம் மட்டும்தான் திடலை விட்டுப் போனது. அடுத்து திடலே போனது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய நகரங்கள் பலவும் தோட்ட நிலத்தில் எழுந்தவை. பெட்டாலிங் ஜெயா 1950-களில் எஃபிங்ஹாம் தோட்ட நிலத்தில் தொடங்கியது. பங்சார் என்ற பெயரே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். ஷா ஆலம் 1963-இல் சுங்கை ரெங்கம் தோட்டப் பகுதியில் திட்டமிடப்பட்டது. சுபாங் ஜெயா 1976 முதல் சீஃபீல்ட் தோட்ட நிலத்தில் வளர்ந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டத்தின் பெயர் இன்று ஒரு குடியிருப்பு நகரின் பெயர். பூச்சோங்கில் கின்ராரா தோட்டம் இன்று பண்டார் கின்ராரா. 1990-களில் பிராங் புசார் தோட்டமும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் புத்ராஜெயாவாக மாறின. அங்கே வேலை செய்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறிப் போயின.

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் லயமும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும், ஆயாக் கொட்டகையும், ஒரு திடலும் இருந்தன. கோயிலுக்காகவும் பள்ளிக்காகவும் மக்கள் போராடினார்கள். சில இடங்களில் மாற்று நிலம் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. திடலுக்காகப் போராட யாருக்கும் தோன்றவில்லை. அதற்குக் கூரை இல்லை, பதிவு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அது வெறும் புல்தரை. தோட்டத்தை நில அளவையர் அளந்தபோது அதுவும் ஏக்கர்க் கணக்கில் சேர்ந்துவிட்டது.

சாகா கார் தயாரான ஷா ஆலமும் தோட்டம் இருந்த மண்தான். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் அந்த வட்டாரத்து ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தவணையில் கார் வாங்கினார்கள். அப்பா சைக்கிளில் போன வழியில் மகன் காரில் போனார். அந்தக் கார் அவர்களை வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பத்துமலைத் தைப்பூசத்துக்கும் கொண்டுபோனது. படம் பார்க்கத் திடலுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. அப்போது திடலில் படம் இல்லை, பிறகு திடலும் இல்லை.

மீண்டும் ஒருமுறை

காரில் அமர்ந்து தமிழ்ப் படம் பார்க்கும் அனுபவம் தமிழ்நாட்டில் வாய்த்தது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருந்த பிரார்த்தனா அரங்கு 1990-களில் சென்னைக் குடும்பங்களுக்கு வார இறுதிப் பயணமாக இருந்தது. காரில் வந்தவர்கள் பாயை விரித்துக் காருக்கு முன்னால் தரையில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே படம் பார்த்தார்கள். அமெரிக்கர் காருக்குள் இருக்கச் சொல்லிக் கட்டிய அரங்கில், தமிழர் காரை விட்டு இறங்கிப் பாய் விரித்துக்கொண்டார்கள். நகரம் அந்தச் சாலை வழியாகத் தெற்கே பரவி, கடற்கரையோர நிலம் பொன் விலைக்குப் போன பிறகு அந்த அரங்கும் மூடப்பட்டது.

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது திரையரங்குகள் எல்லாம் அடைக்கப்பட்டன. அந்த ஆண்டு உலகின் பல நாடுகளில், மறந்துபோன டிரைவ்-இன் முறை திடீரென்று உயிர் பெற்றது. ஒருவர் மூச்சு இன்னொருவர் மீது படாமல் கூட்டமாகப் படம் பார்க்க அது ஒன்றுதான் வழியாக இருந்தது. கார் நிறுத்துமிடங்களில் திரை கட்டினார்கள். ஒலி கார் வானொலியில் வந்தது. நோய் தணிந்து அரங்குகள் திறந்ததும் அந்தத் திரைகளில் பெரும்பாலானவை அவிழ்க்கப்பட்டன.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் புதுத் தமிழ்ப் படம் வெளியானால் குடும்பம் காரில்தான் போகிறது. கார் பேரங்காடியின் அடித்தளத்தில் நிற்கிறது, படம் மேல்மாடியில் ஓடுகிறது. படம் முடிந்தால் நிறுத்துமிடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் யாராவது அந்தக் காரில் இருந்தால், வழியில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: உங்கள் தோட்டத்தில் படம் எந்த இடத்தில் போடுவார்கள்? அவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி ஓர் அடுக்குமாடியையோ, ஒரு பெட்ரோல் நிலையத்தையோ, ஒரு சாலைச் சந்திப்பையோ காட்டக்கூடும். அந்த இடத்தின் பெயரையும், அங்கே அவர் பார்த்த படத்தின் பெயரையும் பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஜூரோங் அரங்கு திறந்த நாளும் மூடிய நாளும் ஏட்டில் உள்ளன. தோட்டத் திடலில் கடைசியாகத் துணி அவிழ்க்கப்பட்ட நாள், அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.